நங்கூரத்தில் சிக்கிய புல்

எழுபதுகளின் தொடக்கம். காரைக்குடியில் தாவரவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். தொண்டிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரில், கடலடியில் எந்தப் புல் எங்கே முளைக்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. சனிக்கிழமைகளில் முதல் பஸ்ஸில் போவேன். ஒரு மீனவர் தன் வத்தையில், அதாவது சிறு படகில், அழைத்துப் போவார். அவர் மனைவியும் கூட வரவேண்டும் என்பது மானகிரியில் இருந்த என் அப்பா போட்ட நிபந்தனை. அந்த அக்காவும் முகம் சுளிக்காமல் வருவார். நான் பறித்துத் தரும் புல்லை ஈரத்துணியில் சுற்றி வைப்பார்.

ஊருக்கு வடக்கே கடலடியில் சேறு. அங்கே ரிப்பன் போல நீளமான பட்டைப் புல். கரையோரம் காசளவு வட்ட இலை. தெற்கே மணல்திட்டு, அங்கே மட்டும் ஊசி போல உருண்ட இலை.

ஒரு சனிக்கிழமை நான் போய் இறங்கியபோது கரையெல்லாம் கூட்டம். முந்தின நாள் மாலை கடலுக்குப் போன அந்த மீனவரும் அவர் தம்பியும் திரும்பவில்லை. இரவெல்லாம் காற்று திசை மாறி மாறி அடித்திருக்கிறது. விடிந்து பார்த்தால் வத்தை மட்டும் காலியாக வடக்குக் கரையில் ஒதுங்கியிருந்தது. எல்லாரும் வடக்கே தேடப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

வத்தையில் தொங்கிய நங்கூரம் கண்ணில் பட்டது. அதன் கொக்கியில் வேரோடு பிடுங்கிய புல். உருண்ட இலை.

நான் சொல்லி, அது தப்பாகிப் போனால்? ஆனாலும் காட்டினேன். "அக்கா, இது திட்டுப் பக்கத்துப் புல்லு. வத்தை அங்கனதான் நின்னுருக்கு."

"வடக்க ஒதுங்கின வத்தைக்குத் தெக்க போயி என்னம்மா தேடுறது?" என்றார் ஒரு பெரியவர்.

அக்கா அந்தப் புல்லை வாங்கி விரலால் உருட்டிப் பார்த்தார். "நீங்க வடக்க போறதுன்னா போங்க. எனக்கு ஒரு வத்தை குடுங்க, நான் இங்குட்டுப் போறேன்" என்றவர், தெற்கே கிளம்பிய வத்தையில் தானே ஏறிக்கொண்டார்.

வெயில் ஏறிய பிறகு திரும்பினார்கள். திட்டு ஓரம் வலை கட்ட ஊன்றியிருந்த கழியைக் கட்டிப்பிடித்தபடி இருந்திருக்கிறார் அக்காவின் கணவர். உயிர் இருந்தது. தம்பி இல்லை. வலையை அவிழ்க்க இருவரும் தண்ணீரில் இறங்கியிருந்தபோது காற்று நங்கூரத்தைப் பெயர்த்து வத்தையை இழுத்துப் போயிருக்கிறது. அதைப் பிடிக்க நீந்திப் போன தம்பி திரும்பவே இல்லை.

அடுத்த வாரம் துக்கம் கேட்கப் போனேன். உடல்கூடக் கிடைத்திருக்கவில்லை. அந்த இருவரையும் பெற்ற அம்மா, கரையில் ஒதுங்கிக் கிடந்த புல்லை மடி நிறைய அள்ளிவந்து என் முன்னால் கொட்டினார்.

"மூத்தவன் இருந்த எடத்தக் காட்டுனியே தாயி. சின்னவன் எங்க கெடக்கான்னும் இதப் பாத்துச் சொல்லு."

பட்டை இலையும் உருண்ட இலையும் வட்ட இலையும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. எங்கெங்கிருந்தோ அலை கொண்டுவந்து சேர்த்த புல் அது. எந்த இடத்தையும் சொல்லாது. ஆனால் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவரும் கூடவே பிரித்தார்.

ஒரு உயிரைக் காப்பாற்றியவள் என்று அந்த ஊரில் என்னைச் சொல்வார்கள். எனக்கென்னவோ, கடைசி இலையையும் பிரித்து முடித்தபின் அந்தத் தாய் என்னிடம் ஒன்றும் கேட்காமல் எழுந்து போனதுதான், படித்தவள் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் என்னை அடங்க வைக்கிறது.