அவர் சொன்னதாக நான் சொன்னது

எங்கள் சபையில் யாருக்காவது தலைவலி என்றால் முதலில் மாத்திரையைத் தேடுவார்கள், அடுத்து என்னைத் தேடுவார்கள். "அண்ணே, ஜெபத்துல நினைச்சுக்கங்க" என்பார்கள். நானும் முகத்தைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு "கண்டிப்பா" என்பேன். அந்தக் கண்டிப்பாவோடு என் ஜெபம் முடிந்துவிடும். வண்டியை எடுத்துத் தெருமுனை திரும்புவதற்குள் யாருக்கு என்ன வியாதி என்பதே மறந்து போயிருக்கும்.

ஆலயத்தில் எழுந்து நின்றால் கதை வேறு. ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் ஐயா என் பக்கம் கையைக் காட்டினால் போதும், ஏழெட்டு நிமிடம் மூச்சு விடாமல் ஜெபிப்பேன். மழைக்கு வேண்டுவேன், மந்திரிகளுக்கு வேண்டுவேன், பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு வேண்டுவேன். குரல் எங்கே உயர வேண்டும், எங்கே தழுதழுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பது அரைக்கண்ணில் தெரியும். அதைப் பார்ப்பதற்காகவே கண்ணை முழுதாக மூடமாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தனியாக இருக்கும்போதுதான் வம்பு. காலையில் அரைமணி நேரம் எனக்குத் தியான நேரம் என்று வீட்டில் பெயர். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அன்றைக்குரிய வேதாகம அதிகாரத்தை வாசித்து, அட்டவணையில் டிக் அடித்துவிடுவேன். அதன்பிறகு கண்ணை மூடினால் பள்ளிக்கூட ஃபைல்கள்தான் வரிசையாக வரும். வாயைத் திறந்தால் மைக்கில் பேசுகிற என் குரலே எனக்குக் கேட்கும். கேட்பதற்கு எதிரே யாரும் இல்லாததுபோல் கூச்சமாக இருக்கும், நிறுத்திவிடுவேன். இப்படியே இருபது வருடம் ஓட்டினேன்.

நான் மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை எழுத்தர். அலுவலகத்தில் உதவியாளராக ஓர் அக்கா இருந்தார். மேலூரைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். அவர்கள் குடும்பம் இந்துக் குடும்பம், குலசாமிக்குக் கிடா வெட்டாமல் எந்தக் காரியமும் தொடங்காதவர்கள். கணவர் குத்தகை நிலத்தில் நெல் போடுகிறவர்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஜூன் மாதம், அட்மிஷன் நெரிசலுக்கு நடுவே அந்த அக்கா என் மேசை ஓரம் வந்து நின்றார். வீட்டுக்காரருக்குக் கழுத்தில் ஒரு கட்டி, பெரியாஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார்கள், ஊசி வைத்து எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். புற்றாக இருக்குமோ என்று அக்காவுக்குப் பயம். நான் சொன்னால் எங்கள் ஆண்டவர் கேட்பார் என்று டீச்சர்மார் சொன்னார்களாம், ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார். ஒரு டிசியில் சீல் குத்திக்கொண்டே "கண்டிப்பா சொல்றேன்க்கா" என்றேன்.

மறுநாள் காலை டீயை மேசையில் வைத்துவிட்டு, சொன்னீர்களா என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். அது பொய் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை, அவ்வளவு பழக்கம். அக்கா நகரவில்லை.

"என்ன சொன்னாரு சார்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ பேருக்காக ஜெபித்ததாகச் சொல்லியிருக்கிறேன். அவர் என்ன சொன்னார் என்று ஒருவர்கூட அதுவரை கேட்டதில்லை. என் சபைக்காரர்களே கேட்டதில்லை. பார்ப்போம் அக்கா, பதில் வரும் என்று மழுப்பினேன். அதற்கடுத்த நாளும் டீயோடு அதே கேள்வி வந்தது.

மூன்றாவது நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. இணையதளம் தொங்கிக்கொண்டிருந்தது, ஜன்னலுக்கு வெளியே பெற்றோர் கூட்டம், ஒருவர் சாதிச் சான்றிதழை என் மூக்குக்கு நேரே ஆட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அக்கா வந்து, பதில் வந்துவிட்டதா என்று மெல்லக் கேட்டார். அவரை அனுப்பினால் போதும் என்றிருந்தது எனக்கு.

"ஒன்னும் இல்ல, சாதாரணக் கட்டிதான்னு சொல்லிட்டாருக்கா. நிம்மதியா போங்க."

அந்த முகம் மலர்ந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். எனக்கு வெட்கமாக இருக்கவில்லை. ஒரு நல்ல காரியம் செய்த திருப்திகூட இருந்தது, அதுதான் கேவலம்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா வழக்கம்போல் டீயோடு வந்தார். இன்றைக்கு ஆஸ்பத்திரி ஆயிற்றே என்று கேட்டேன். போகவில்லை, நேற்றே வேண்டாமென்று முடிவு பண்ணிவிட்டோம் என்றார். வீட்டுக்காரருக்கு ஊசி என்றாலே பயமாம், வயலில் நடவு வேலை வேறு தலைக்கு மேல் கிடக்கிறதாம். சாமியே ஒன்றுமில்லை என்று சொன்னபிறகு எதற்குக் கழுத்தில் குத்திக்கொள்ள வேண்டும் என்று சிரித்தார்.

எதற்கும் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள் என்று சொன்னேன். சொன்ன சாமியை நீங்களே நம்பவில்லை என்றால் எப்படி என்று என்னையே கிண்டல் செய்தார். அவர்கள் ஊரில் சாமியாடி வாக்குச் சொல்லிவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. சாமி பேரில் ஒருவன் வாய்க்கு வந்ததைச் சொல்லுவான் என்பது அவர் கற்பனைக்கே எட்டாத சங்கதி. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். மணி அடித்தது, அக்கா போய்விட்டார், நான் உட்கார்ந்தே இருந்தேன். மறுநாள் நடவுக்காக அவர் லீவு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிராமலே, ஜெபித்தீர்களா இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். தெரியும் என்றாள். என்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன்.

"காலைல கண்ண மூடுறீங்க, அஞ்சு நிமிசத்துல நகத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. நான் அடுப்படியில இருந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

இருபது வருடம் பார்த்திருக்கிறாள், ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாளைக்கே போய் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் இந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்காது என்றாள். எனக்கும்தான் இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். போகிற காரியத்துக்கு ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினேன். மனசு பழக்கதோஷத்தில் ஆலயத்தில் சொல்கிற வரிகளை வரிசையாக எடுத்து விட்டது. மழைக்கும் மந்திரிகளுக்கும் போவதற்குள் எனக்கே அருவருப்பாகி நிறுத்தினேன். பிறகு, ஆண்டவரே, உங்கள் பேரில் பொய் சொல்லிவிட்டேன் என்றேன்.

பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் நான் சொன்னது கேட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் விளக்க முடியாது. பல வருடமாகக் கண்ணில் படாமல் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்த ஒருவர் பக்கத்து சீட்டிலேயே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒத்தக்கடை தாண்டும்வரை மனசுக்குள் கொட்டித் தீர்த்தேன். பள்ளிக்கூடத்தில் பேர் கெட்டுவிடுமே என்று பயமாக இருக்கிறது என்றேன். அந்த அக்கா மேல் எரிச்சலாகக்கூட இருக்கிறது என்றேன். அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் எப்படி இருப்பேன் என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த பயணி என்னண்ணே, உடம்புக்கு முடியலையா என்று விசாரித்தபோதுதான் கண்ணில் நீர் வழிவது தெரிந்தது. கண்ணில் தூசி என்றேன். அன்றைக்கு அந்த ஒரு பொய்தான் பாக்கி இருந்தது.

கிராமத்தில் என்னைப் பார்த்ததும் அக்கா ஓடிப்போய்க் குடிக்கக் கலர் வாங்கி வந்து கையில் திணித்தார். கணவர் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கலர் பாட்டிலைக் கீழே வைத்தேன். எதிரே நின்றுகொண்டே சொன்னேன்.

"அக்கா, நான் சொன்னது பொய். நான் அவருகிட்ட கேக்கவே இல்ல. அவரு ஒன்னும் சொல்லல."

அக்கா முகம் இறுகிவிட்டது. "சாமி பேர்ல பொய் சொல்லுவாகளா சார்?" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கட்டிலில் இருந்தவர்தான் முதலில் அசைந்தார். துண்டை எடுத்தார். எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி இருந்தது. ராத்திரியெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது, கட்டி பெருத்துக்கொண்டே வருகிறது, நாலு நாளாகச் சொல்லவில்லை என்றார். ஏன் சொல்லவில்லை என்று அக்கா பதறினார்.

"நீ நிம்மதியா இருந்தியே. சாமியே சொல்லிருச்சுன்ன பிறகு நான் எப்படி வாயத் தொறக்க?"

என் ஒற்றை வாக்கியம் அந்த மனுஷன் வாயையும் அடைத்து வைத்திருக்கிறது. மன்னித்துவிடுங்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை உதறவில்லை. திங்கட்கிழமை போகலாம், ஊசிதானே, போட்டுக்கொள்கிறேன் என்றார். யாரிடமாவது சொல்ல முடிந்ததே என்ற ஆறுதல் அவர் முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

அக்காவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வந்ததுதான் வந்தீர்கள், இப்போதாவது கேளுங்கள், என் கண் முன்னாலேயே கேளுங்கள் என்றார். சபையே வியந்த ஜெபவீரன் நான், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணை முழுதாக மூடினேன்.

"ஆண்டவரே, இவருக்குப் பயமா இருக்கு. எங்களுக்கும் பயமா இருக்கு. கூட இருங்க. ஆமென்."

அக்கா கண்ணைத் திறந்து பார்த்தார். "அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்க்கா."

என்ன சொன்னார் என்று அப்போதும் கேட்டார். தெரியவில்லை, ஆனால் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு நானும் வருகிறேன் என்றேன். கொண்டு வந்த கலரைக் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அது மன்னிப்பா, உபசாரமா என்று நான் ஆராயவில்லை. ஒரே மடக்கில் குடித்தேன்.

திங்கட்கிழமை மூவரும் போனோம். ஊசி வைத்து எடுத்தார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அந்தப் பத்து நாளும் நான் ஆண்டவரோடு பேசினேன். நாற்காலியில் உட்கார்ந்து பேசினேன், சிம்மக்கல்லில் பேப்பர் பண்டல் வாங்கப் போன இடத்தில் பேசினேன், சிக்னலில் நின்றுகொண்டு பேசினேன். குரல் எதுவும் கேட்கவில்லை. சிலநாள் இரண்டு வாக்கியத்தில் தீர்ந்துவிடும், பிறகு சும்மா இருப்பேன். சும்மா இருப்பது சங்கடமாக இல்லை. நடிக்க வேண்டாம் என்பதே பெரிய இளைப்பாறுதலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஐயா கையைக் காட்டியபோது நாலு வரியில் முடித்து உட்கார்ந்துவிட்டேன். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் மூன்று பேர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். ஒருவர் தன் மகள் வரனுக்காக ஜெபத்தில் நினைக்கச் சொன்னார். அண்ணே, நான் மறந்துபோவேன், வாங்க இப்பவே என்று அவரை ஸ்கூட்டர்களுக்கு நடுவே நிறுத்திவைத்து ஜெபித்தேன். மனுஷன் நெளிந்துவிட்டார்.

பத்தாம் நாள் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார், புற்று இல்லை. காசநோய்க் கட்டி. ஆறு மாதம் ஒருநாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் உடைந்து பரவிப் பாடாய்ப் படுத்தியிருக்கும் என்றார். ஒன்றுமில்லை என்று ஆண்டவர் பேரில் நான் சொன்னது சுத்தப் பொய்யாகவே போனது. அந்த மனுஷன் கட்டியைத் தடவிக்கொண்டு குழந்தைபோல் சிரித்தார். பாரம் இறங்கிய நிம்மதியில் நாங்கள் மூவருமே எதற்கென்று தெரியாமல் சிரித்தோம்.

மாத்திரை வாங்குகிற வரிசையில் நிற்கும்போது அக்கா என் கையைத் தொட்டார். உங்கள் ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்லுங்கள் சார் என்றார். வாயெடுத்தேன், பிறகு மனசு மாறியது.

"நீங்களே சொல்லுங்கக்கா. அவருக்குக் கேக்கும்."

அப்படி ஒரு வார்த்தையை அதற்கு முன்பும் நூறு பேரிடம் சொல்லியிருப்பேன். தெரிந்து சொன்னது அன்றைக்குத்தான். அக்கா வரிசையை விட்டு விலகி, தூண் ஓரமாகப் போய்க் கண்ணை மூடினார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. என் ஜெபத்தைவிட நீளமாகப் போனது. நடுவில் சிரித்தார், ஒருமுறை கோபமாகத் தலையைக்கூட ஆட்டினார். எங்கள் முறை வந்து, மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தும் அவர் முடிக்கவில்லை.

"இம்புட்டு நேரம் என்னதான் பேசுறா?" என்றார் கணவர்.

எனக்கும் தெரியவில்லை. என்னைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருப்பார் என்று பட்டது. சொல்லட்டும் என்று நின்றேன், ஆண்டவரிடம் நான் ஏற்கனவே சொல்லியிருந்தேன்.