பெரியம்மாவின் இரண்டாம் ஞானஸ்நானம்

டிசம்பர் பிறந்தால் பெரியம்மா தி. நகர் போய் ஒரு புதுச் சீப்பு வாங்கி வருவாள். தலை வார அல்ல, கலகலா செய்ய. பிசைந்த மைதா மாவில் சுண்டைக்காய் அளவு கிள்ளி, சீப்பின் பற்கள்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி இழுத்தால், வரிவரியாகச் சிப்பிபோலச் சுருண்டு விழும். எண்ணெயில் பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்டினால் ஆயிற்று. அடையாறு வீட்டு ஹாலில் பழைய செய்தித்தாளை விரித்து, வீட்டில் இருக்கிற எல்லாரும் சுற்றி உட்கார வேண்டும். பெரியப்பாவுக்கும் விலக்கு கிடையாது. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பேனா பிடித்த கைக்கு மாவு அடங்காது. அவர் செய்வது சுருளாமல் தட்டையாகக் கிடக்கும். "இது கலகலாவா, இல்ல உங்க ஆபீஸ் ஃபைலா?" என்பாள் பெரியம்மா. அவரும் விட்டுக்கொடுக்காமல், "வாயில போட்டா எல்லாம் ஒண்ணுதான்" என்று தான் செய்ததைத் தனியாகப் பொறுக்கி வைத்துக்கொள்வார். அப்போது ஹாலில் எழுந்த சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அவ்வளவு நன்றாக இருந்த வீட்டை இயேசுவின் பெயரைச் சொல்லிக்கொண்டே கெடுத்தார்கள் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெரியப்பாவின் தம்பி மகள் நான். எங்கள் வீடு சைதாப்பேட்டையில். ஆனால் டிசம்பர் முழுக்க நான் அடையாறு வீட்டில்தான் கிடப்பேன். பெரியம்மா அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். எனக்கு நரை விழுந்த பிறகும் அவளுக்கு நான் 'பாப்பா'தான். ஓய்வு பெற்றபின் இரண்டு பேருக்கும் கோயில்தான் உலகம். சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்லுவோம். சைதாப்பேட்டைக் கோயிலில் பெரியப்பா சபைக் கமிட்டியில் இருந்தார். கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது அவர்தான். வாசித்துவிட்டு இறங்கும்போது பெரியம்மா முகத்தை ஒரு தடவை பார்ப்பார். அவள் லேசாகத் தலையசைத்தால்தான் மனிதருக்குத் திருப்தி. நற்கருணை அப்பமும் திராட்சரசமும் வாங்கப் பலிபீடத்தின் முன்னால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போடுவார்கள். எழுந்திருக்க அவருக்கு முட்டி மக்கர் பண்ணும், அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிடுவாள். எனக்குச் சாமி விஷயத்தில் பெரிய பிடிப்பு கிடையாது. அந்த இரண்டு பேரையும் பார்க்கும்போது மட்டும் சரி, ஏதோ இருக்கிறது என்று தோன்றும்.

அவர்களுக்கு ஒரே மகன். எனக்கு அண்ணன். நல்ல படிப்பு, நல்ல வேலை, பெரிய குடி. வேலை போயிற்று. அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சைதாப்பேட்டை பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தவனைப் பெரியப்பாவும் என் அப்பாவும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்த நாட்கள் உண்டு. ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் அவனுக்காக ஜெபம் செய்தார்கள், அவன் குடித்துக்கொண்டே இருந்தான். அப்புறம் கூட வேலை பார்த்த ஒருவன் அவனைக் கொட்டிவாக்கம் பக்கம் ஒரு புதுச் சபைக்கு அழைத்துப் போனான். கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடத்துகிற சபை. என்ன செய்தார்களோ, அண்ணன் குடியை விட்டான். அண்ணி திரும்பி வந்தாள். பொய் சொல்லக் கூடாது, அன்றைக்கு நானும் அழுதேன். "என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் குடுத்தவங்க பாப்பா அவங்க" என்று பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். அதற்குமேல் அந்தச் சபையைப் பற்றி யார் வாயைத் திறக்க முடியும்?

திரும்பக் கிடைத்த பிள்ளை வேறு ஆளாக இருந்தான். குழந்தைக்குத் தண்ணீர் தெளித்துக் கொடுப்பதெல்லாம் ஞானஸ்நானமே இல்லை, வயது வந்து தண்ணீரில் முழுகினால்தான் கணக்கு என்றான். நகை கூடாது, தாலி கூடாது என்றான். இதெல்லாம் எங்கள் பக்கம் புதிதல்ல. சொந்தத்தில் இரண்டு குடும்பத்துக்கு ஒரு குடும்பம் இப்படிப் போயிருக்கிறது. ஆனால் கிறிஸ்துமஸே கூடாது என்று அவன் சொன்னபோதுதான் வீடு ஆடிப்போயிற்று. வாசலில் பெரியப்பா ஏணி போட்டு நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார். "டிசம்பர் இருபத்தஞ்சுன்னு பைபிள்ல எங்கப்பா இருக்கு? இது புறஜாதிப் பண்டிகை" என்றான் அண்ணன், கீழே நின்றபடி. பெரியப்பா ஏணியிலிருந்தே, "உன் பொறந்த நாளும்தான் பைபிள்ல இல்ல. உங்கம்மா உனக்குப் பாயசம் வைக்கறதை நிறுத்திட்டாளா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. அந்த வருஷத்திலிருந்து கிறிஸ்துமஸ் அன்று அவன், அண்ணி, குழந்தை யாரும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

பெரியம்மா அதற்குப் பிறகும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர்களுக்கும் சேர்த்தே சமைத்தாள். பேத்திக்கு உடுப்பு எடுத்தாள். மீந்த பிரியாணியை மறுநாள் அவளும் பெரியப்பாவும் சூடு பண்ணிச் சாப்பிடுவார்கள். அவளுக்கு இருந்த ஆசையெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: ஒரு கிறிஸ்துமஸ் மத்தியானமாவது மகன் குடும்பத்தோடு வந்து தன் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எத்தனை காலம் உயிரோடு இருக்கப்போகிறோம் என்கிற பயம் வேறு. ஒரு நாள் அண்ணன் சொன்னான்: "முழுக்கு எடுத்துருங்கம்மா. அப்புறம் நமக்குள்ள எந்தத் தடையும் இல்ல. எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்." அவன் பொதுவாகச் சொன்னான். அவள் கிறிஸ்துமஸ் மேஜையை நினைத்துக்கொண்டாள்.

முழுக்கு எடுக்கப் போவதை வீட்டில் என்னிடம் மட்டும்தான் சொன்னாள். நான் கத்தினேன். "உங்களுக்கு என்ன பைத்தியமா பெரியம்மா? உங்க அப்பா போதகர். தன் கையாலேயே உங்களுக்கு ஞானஸ்நானம் குடுத்தவர். அது செல்லாதுன்னு போய் தண்ணியில நிக்கப் போறீங்களா?" அவள் அமைதியாகப் புடவை மடித்துக்கொண்டிருந்தாள். "எங்கப்பா மோட்சத்துல இருக்கார் பாப்பா. அவருக்குப் புரியும். நான் என்ன இயேசுவையா மறுதலிக்கிறேன்? ஒரு தடவை நனைஞ்சா என்ன, ரெண்டு தடவை நனைஞ்சா என்ன?" என்றாள். "பெரியப்பாகிட்ட?" என்று கேட்டேன். "எடுத்தப்புறம் சொல்லிக்கலாம். முன்னாடி சொன்னா விட மாட்டார்." நீயும் கூட வா, மாற்றுப் புடவை எடுத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாள்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை, கொட்டிவாக்கம் கடற்கரை. சபையின் ஆட்கள் வட்டமாக நின்று கை தட்டிப் பாடினார்கள். போதகர் சின்ன வயது, மரியாதையான பையன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அண்ணன் பெரியம்மாவின் கையைப் பிடித்து அலைக்குள் நடத்திக்கொண்டு போனான். இடுப்பளவு தண்ணீரில் அவள் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டாள், மருந்து குடிக்கிற குழந்தை மாதிரி. பக்கத்தில் படகை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் என்னிடம் வந்தார். "இன்னாம்மா, அந்தப் பெரியம்மாவுக்கு இன்னா ஆச்சு? வயசானவங்களைப் போட்டு இன்னாத்துக்குத் தண்ணில அமுக்கினு கீறாங்க?" நான் விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கு வூட்ல பைப்பு இல்ல? கடலு இன்னிக்கு ஒரு தினுசா கீது. சீக்கிரம் கரையேறச் சொல்லு" என்றுவிட்டுப் போனார். முழுகி எழுந்ததும் அண்ணன் அவளைக் கட்டிக்கொண்டு அழுதான். அவளும் அழுதாள். தலையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை. அதனால்தான் எனக்கு வயிறு இன்னும் எரிகிறது.

கழற்றிய தாலியைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். பெரியப்பா ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஈரத் தலையையும் வெறும் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. "அப்போ உங்கப்பா குடுத்தது பொய். நாம பலிபீடத்துக்கு முன்னாடி நின்னு சொன்னதும் பொய். இத்தனை வருஷம் நீ என்கூட முழங்கால் போட்டதும் பொய். அப்படித்தானே?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "ஏங்க, அவன் வருவான். கிறிஸ்துமஸுக்கு வருவான்" என்றாள் பெரியம்மா. பெரியப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

மறு ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு எங்கள் கோயிலில் நற்கருணை கிடையாது. கமிட்டியில் அந்தச் சட்டத்துக்காக ஒரு காலத்தில் வரிந்துகட்டிக்கொண்டு பேசியவரே பெரியப்பாதான். தன் மனைவிக்கு மட்டும் விலக்கு கேட்க அவருக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே வாசலில் இரண்டு ஆட்டோ வந்து நிற்க ஆரம்பித்தது. ஒன்று கொட்டிவாக்கம் பக்கம், ஒன்று சைதாப்பேட்டை பக்கம். அவர் தனியாக முழங்கால் போட்டு, பலிபீடத்துக் கம்பியைப் பிடித்து எழுந்திருப்பதை நான் பின்னாலிருந்து பார்ப்பேன். இரண்டு பேரையும் உலுக்க வேண்டும் போல இருக்கும். முட்டுக் கொடுத்துத் தூக்கிவிட ஒரு கை, அதற்குக்கூடவா சட்டம்?

தீபாவளிக்குக் கீழ் வீட்டு மாமி வழக்கம்போல முறுக்கும் மைசூர்பாகும் கொண்டுவந்தார். மாமி மயிலாப்பூரிலிருந்து இங்கே குடி வந்த நாள் முதல் நடக்கிற வழக்கம். பெரியம்மா தட்டை வாங்காமல் கதவருகிலேயே நின்றாள். புதுச் சபையில் அதெல்லாம் கூடாது. "என்ன சிஸ்டர், வாங்கிக்க மாட்டேங்கறேள்? சுகர் வந்துடுத்தா?" என்று மாமி கேட்டார். "ஆமா மாமி, சுகர்" என்றாள் பெரியம்மா. வாழ்நாளில் பொய் சொல்லத் தெரியாதவள். "அடடா, முறுக்கையாவது எடுத்துண்டிருக்கலாமே" என்று சொல்லிக்கொண்டே மாமி தட்டோடு படியிறங்கினார். கதவைச் சாத்திவிட்டுப் பெரியம்மா என்னைப் பார்க்காமல் சமையலறைக்குள் போனாள்.

எல்லாவற்றையும் அவள் தாங்கிக்கொண்டது அந்த ஒரு மத்தியானத்துக்காக. டிசம்பர் தொடக்கத்தில், "இருபத்தஞ்சாந் தேதி மத்தியானம் சாப்பிட வாங்கடா" என்று மகனிடம் சொல்லியிருக்கிறாள். அவனும் "கர்த்தருக்குச் சித்தமானா பாப்போம்மா" என்று சொல்லியிருக்கிறான். அதை அவள் வருகிறேன் என்றே எடுத்துக்கொண்டாள். அந்தக் கிறிஸ்துமஸ் காலை பெரியப்பாவும் நானும் கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது, வீடெல்லாம் பிரியாணி மணத்தது. மேஜையில் எல்லாருக்கும் தட்டு வைத்திருந்தாள். பேத்திக்குச் சின்னத் தட்டு. மணி ஒன்றைத் தாண்டியதும் அவளே போன் போட்டாள். காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

"என்னப்பா, கிளம்பிட்டீங்களா?"

"எங்கம்மா?"

"சாப்பிட. வரச் சொன்னேனே."

"அம்மா, இன்னைக்கு எப்படிம்மா வருவோம்? நீங்களும் இப்ப நம்ம சபை. நீங்களே இந்த நாளை ஆசரிக்கலாமா? நாலு பேர் பாத்தா நம்ம சாட்சி, நல்ல பேரு எல்லாம் கெட்டுப்போகும்மா."

"முழுக்கு எடுத்தா ஒண்ணா சாப்பிடலாம்னு நீதானே சொன்னே?"

"ஆமாம்மா. ஞாயித்துக்கிழமை சபையில அன்பின் விருந்துல ஒண்ணாத்தானே சாப்பிடறோம்" என்றான் அண்ணன். குத்தலாகச் சொல்லவில்லை, ரொம்பப் பிரியமாகவே சொன்னான்.

பெரியம்மா போனை மேஜைமேல் வைத்தாள். கடலில் முழுகியதும், கழுத்தை வெறுமையாக்கிக்கொண்டதும், புருஷனின் பேச்சை இழந்ததும் எதற்காகவோ, அது அவளுக்கு இனி எந்த டிசம்பரிலும் கிடைக்காது. முழுகாமல் இருந்திருந்தாலாவது கிறிஸ்துமஸ் என்கிற நாள் அவளுக்கு மிஞ்சியிருக்கும். அடப்பாவி என்று எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆகஸ்டிலிருந்து தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசாதவர், எழுந்து வந்து அவள் தட்டில் தன் கையால் பிரியாணி வைத்தார். "சாப்பிடு, ஆறிப்போகுது" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாயங்காலம் கோயில்ல ஞாயிறுபள்ளிப் பிள்ளைங்க நாடகம் போடறாங்க. தேவதூதர் றெக்கையெல்லாம் நீ தச்சு வெச்சதுதான் இன்னமும். வா, போய்ட்டு வரலாம். நற்கருணைதான் கிடையாது, நாடகம் பாக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே. கடைசி பெஞ்சுல உக்காந்துக்கலாம்" என்றார்.

பெரியப்பா இறங்கி வந்துவிட்டார்! பெரியம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது. போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வரப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"வேண்டாங்க" என்றாள். "யாராவது பாத்துட்டு அவன்கிட்ட சொல்லிட்டா? அப்புறம் ஞாயித்துக்கிழமையும் என் பக்கத்துல உக்கார மாட்டான்."

சொல்லிவிட்டு, வராதவர்களுக்காக வைத்திருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கத் தொடங்கினாள். சாயங்காலம் பெரியப்பா தனியாகத்தான் நாடகத்துக்குப் போனார்.