நடுக்கத்தைத் தாளமாக்கிய கலியமூர்த்தி அண்ணன்

கலியமூர்த்தி அண்ணன் காலமான செய்தி வந்தபோது நான் துபாயில் ஒரு கட்டடத்தின் உச்சி மாடியில் நின்றுகொண்டிருந்தேன். இந்த ஊரில் உயர்ந்து நிற்கும் கட்டடங்களில் பாதி என் கைபட்டு எழுந்தவை. மீதிப் பாதிக்கு எஞ்சினியர்கள் என்னிடம் யோசனை கேட்டார்கள். அப்படிப்பட்ட என்னை ஊரிலிருந்து அண்ணனின் மகன் போனில் அழைத்தான்.

"சித்தப்பா, அப்பா போயிட்டாங்க. காலைல நெஞ்சு வலின்னாங்க. ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சுபோச்சு."

துக்கத்துக்கு முன்னால் வந்தது பயம். இனி எப்படிக் கீழே இறங்கப்போகிறேன் என்ற பயம்.

அண்ணனை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கட்டடம் எழும்பும்போது அதன் வெளிப்பக்கமாக ஒரு கம்பத்தைப் பற்றிக்கொண்டு ஏறி இறங்கும் இரும்புக் கூண்டு ஒன்று இருக்கும். ஹாய்ஸ்ட் என்போம். அதை ஓட்டியவர் அண்ணன். நான் பயந்தாங்கொள்ளி அல்ல. ஊரில் நல்ல பாம்பை வாலைப் பிடித்துச் சுழற்றி ஆற்றுக்கு அந்தக் கரையில் எறிந்தவன். ஆனால் அந்தக் கூண்டில் கால் வைத்தால், தகட்டின் இடுக்கில் தெரியும் பள்ளம் என்னையே கீழே இழுக்கும். அண்ணன் லீவில் போனதிலிருந்து, 'வந்துவிடுவார், வந்துவிடுவார்' என்று கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறி இறங்கினேன்.

முதல் நாள் நான் கம்பியைக் கட்டிப்பிடித்து நின்றதைப் பார்த்து அவர் கேட்டார்: "தம்பி, படம் பாப்பியா?"

"பாப்பேண்ணே."

"கும்பகோணத்துல தியேட்டர் ஆபரேட்டரா இருந்தேன். ஒரு வாட்டி வரவேண்டிய படப்பெட்டி வரல. எங்கப்பா காலத்து இங்கிலீஷ் படம் ஒண்ணு கிடந்துச்சு. ஒரே பாட்டும் டான்சும். மொத நாள் ஜனம் திட்டிட்டுப் போச்சு. மறுநாள் திட்டினவனெல்லாம் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வந்துட்டான்."

கூண்டு தரையிலிருந்து கிளம்பும்போது வாயாலேயே டைட்டில் போட்டார். மாடிக்கு ஒரு காட்சியாகக் கதை ஏறியது. கோட்டு போட்ட ஒருவன், பளபளக்கும் பூட்ஸ். அவன் விரும்பிய பெண் பெரிய கட்டடத்தின் மொட்டை மாடியில் விருந்தில் இருக்கிறாள். மேலே போய்க் கீழே எட்டிப் பார்த்துவிட்டான்.

"முட்டி ரெண்டும் தடதடன்னு அடிக்குது. பூட்ஸ் சத்தம் எல்லாருக்கும் கேக்குது, சிரிக்கிறாங்க. அவன் நடுக்கத்த நிறுத்தல தம்பி. அதையே தாளமாக்கி ஆட ஆரம்பிச்சுட்டான். அம்பது வயலினும் அவன் முட்டிக்குப் பின்னாலயே போவுது."

அண்ணன் தன் சேஃப்டி ஷூவால் தகட்டில் தட்டினார். டக், டக், டடக். நிமிர்ந்து பார்த்தால் உச்சி மாடி வந்திருந்தது.

அதிலிருந்து தினமும் படம்தான். பெஷாவரிலிருந்து வந்த வெல்டர் கான் பாய்க்கு அண்ணன் இந்தியில் சொல்வார். கான் பாய் பாதியில் இறங்க வேண்டிய மாடியை விட்டுவிட்டு, "ஆகே க்யா ஹுவா?" என்று அப்புறம் நடந்ததைக் கேட்டுக்கொண்டே மேலே வருவார். எங்களில் ஒருவரும் பார்க்காத படம். எல்லாருக்கும் மனப்பாடம்.

ஒருநாள் மணல்காற்று அடித்தது. அப்படியொரு காற்றில் ஒட்டகமே பறந்திருக்கும். கரண்ட் போய்க் கூண்டு நடுவானத்தில் நின்றுவிட்டது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. கம்பம் முனகியது. கான் பாய் கண்களை மூடி ஓத ஆரம்பித்தார். கூண்டு விழாமல் நான்தான் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தேன். ஆனால் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. ஷூ தகட்டில் கடகடவென்று அடித்தது.

"அண்ணே, நான் ஆடுற ஆட்டத்துல விழுந்துடப்போவுது."

"விழுறதுன்னா நீ ஆடாம நின்னாலும் விழும். நிறுத்தாதடா. நடுங்கு. ஆனா ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி நடுங்கு."

அவர் தட்டினார், நான் தட்டினேன், கான் பாயும் தட்டினார். கூண்டு முழுக்க ஒரே தாளம். கரண்ட் வந்து தரையில் இறங்கியபோது போர்மேன், "என்னய்யா, உள்ள கல்யாணமா?" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் படத்தை வாங்கியே தீர்வது என்று பர் துபாய் மீனா பஜாரில் ஒரு சிடி கடைக்குப் போனோம். படத்தின் பெயர் அண்ணனுக்கு ஒருநாளும் வாயில் வந்ததில்லை. ஆகவே ஆடிக் காட்டினார். கடையின் முன்னால் ஐந்நூறு பேர் கூடிவிட்டார்கள். கடைக்காரர் அலமாரியையே கவிழ்த்தும் அந்தப் படம் அகப்படவில்லை. "மாஃபி" என்று கையை விரித்தவர், "நீங்க இன்னொரு தரம் ஆடுங்க பாய், அதுவே போதும்" என்றார்.

லீவுக்குப் போகும் முன் அண்ணனிடம் கேட்டேன்: "உங்களுக்குப் பயமே கிடையாதாண்ணே?"

அவர் என் கையை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்தார். கூண்டு தரையில்தான் நின்றது. கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

"தெனமும்தான் தம்பி. பொழுதன்னிக்கும் தட்டுறேனே, பாட்டு வந்துதான் தட்டுறேன்னு நெனச்சியா?"

செய்தி வந்த அன்று மாலை காற்று ஏறிக்கொண்டிருந்தது. படிக்கட்டில் இன்னும் சென்ட்ரிங் பலகை பிரிக்கவில்லை. கூண்டை விட்டால் வேறு வழியில்லை. உள்ளே புது ஆபரேட்டர் நின்றார். "ஜல்தி, பாய். டியூட்டி கலாஸ்," என்று வேலை முடிந்த அவசரத்தில் கூப்பிட்டார். எல்லாரும் ஏறிவிட்டார்கள். என் கால் வாசலிலேயே நின்றது. கான் பாயிடம் மட்டும் செய்தியைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். கதவு மூடியது. கூண்டு காலடியில் கீழே நழுவியது. என் ஷூ கடகடத்தது.

ஒன்று. இரண்டு.

பக்கத்தில் கான் பாயின் ஷூ சேர்ந்துகொண்டது. அண்ணனைக் கண்ணாலேயே பார்க்காத புது ஆட்களும் ஒவ்வொருவராகத் தட்ட ஆரம்பித்தார்கள். புது ஆபரேட்டர் மிரண்டுபோய், "க்யா ஹுவா?" என்றார்.

"பிலிம் சல் ரஹீ ஹை," என்றார் கான் பாய். படம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று.

அண்ணே, அன்றைக்கு இறங்கிவிட்டேன். நாளைக் காலையும் ஏற வேண்டும். பயம் அப்படியே இருக்கிறது, எண்ணிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.