அப்பாவுக்கு நாலு மாசம்

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் இருக்கிற ஒரு தொழிற்சாலையில் நான் பிட்டர். கப்பல்களுக்குப் பொருத்துகிற வால்வுகள் செய்கிறோம். முதலாளி கம்பெனி நார்வேயில் இருக்கிறது. சென்னையில் இருக்கும் ஜனங்களைவிடக் குறைவான ஜனங்கள் உள்ள நாடு அது. அப்போது அந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கேன்டீன் சுவரில் ஒட்டியிருந்த ஒரு போஸ்டர்தான். பனிமலைக்கு முன்னால் ஒரு ஆள் குழந்தையைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு சிரிப்பார். கீழே ஆங்கிலத்தில் பொடி எழுத்து. ஐந்து வருஷம் அதற்கடியில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டிருக்கிறேன், ஒரு நாளும் படித்ததில்லை.

படித்தவள் என் மனைவி. ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். பொரியும் கடலையும் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சுவர் முன்னால் நின்றுவிட்டாள்.

"இன்னாயா இது? கொயந்த பொறந்தா அப்பாவுக்கும் நாலு மாசம் சம்பளத்தோட லீவுன்னு போட்டுகீது. நீ எடுக்கலன்னா அது எனக்கும் வராதாம், வீணா பூடுமாம்."

"அது அந்த ஊர்ல."

"கீய படி. எல்லா நாட்டு பேக்டரிக்கும்னு எழுதிகீது."

அவள் ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை செய்கிறாள். கப்பலில் வந்த சரக்குக்குக் காகிதம் தயார் செய்யும் வேலை. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த அக்கா பிரசவத்துக்குப் போனவர் திரும்பவே இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதை என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு பஸ்ஸில் எங்கள் வீடு இருக்கிற தண்டையார்பேட்டை வந்து சேரும்வரை அதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. அவளுடைய ஆறு மாத லீவு முடிவதற்கு ஒரு மாதம் முன்னால் நான் எச்.ஆர். மேடத்தின் அறைக்கு மனுவோடு போனேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

"இது வந்ததுலேர்ந்து இங்க ஒருத்தர்கூட எடுத்ததில்ல, தெரியுமா?"

"ரூல் இருக்குதா இல்லையா மேடம்?"

"இருக்கு. ஆனா இந்த வருஷம் லைன் லீடர் பிரமோஷன் லிஸ்ட்ல உங்க பேர்தான் முதல்ல இருக்கு. நாலு மாசம் வீட்ல உட்கார்ந்தா அது கைவிட்டுப் போயிடும். யோசிச்சிட்டு வாங்க."

"யோசிச்சிட்டுத்தான் வந்தேன்."

உண்மையைச் சொன்னால், அப்படி ஒன்றும் யோசித்திருக்கவில்லை. லிஸ்ட்டில் என் பேர் இருப்பதே அப்போதுதான் தெரியும். ஆனால் மனுவைத் திருப்பி வாங்கக் கை நீளவில்லை. அவர் முத்திரை குத்திக் கொடுத்தார்.

போர்மேன் என்னைப் பதினோரு வருஷமாக அறிந்தவர். வேலை கற்றதும் அவரிடம்தான். மொத்த ஷிப்டும் கேட்கும்படி கேட்டார். "இன்னா நைனா, பால் குடுக்கப் போறியா?"

"பாலு அவ குடுப்பா. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றேன். சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் நிமிர்ந்துதான் வெளியே வந்தேன்.

முதல் இரண்டு வாரம் நான் பெரிய தியாகம் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போதே குழந்தையை நீட்டுவேன். கீழ்வீட்டு மாமியிடம் ஒருநாள் நான், "அவளுக்கு ஹெல்ப் பண்ணிகினு கீறேன்" என்று சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது.

"எனக்கு ஹெல்ப்பா? நான் ஆறு மாசம் வூட்ல இருந்தப்ப உனக்கு ஹெல்ப் பண்றேன்னு எவன்ட்டயாவது சொன்னேனா? இது உன் கொயந்தை."

அதற்குப் பிறகு அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை.

மெட்ரோ வாட்டர் லாரி வந்தால் இடுப்பில் குழந்தை, கையில் குடம் என்று பெண்கள் வரிசையில் நிற்பேன். முதல் வாரம் என்னைப் பார்த்ததும் அவர்கள் பேச்சு நின்றுபோகும். மூன்றாவது வாரம், "குட்டிக்குப் பல்லு வருதா? அதான் எச்சி ஊத்துது" என்று எனக்கே வைத்தியம் சொன்னார்கள். டீக்கடையில்தான் பேஜாரு. தோஸ்துகளே, "மாமு, பொண்டாட்டி சம்பாரிக்கறா, நீ தொட்டில் ஆட்டுறியா?" என்பார்கள். "ஆமா, ஆட்றேன். உம் புள்ள எந்த கிளாஸ் படிக்குதுன்னு சொல்லு பாப்போம்" என்று ஒருவனைக் கேட்டேன். நாலாவதா ஐந்தாவதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஒன்பதாம் மாத ஊசிக்குத் தூக்கிப் போனபோது நர்ஸ், "அம்மா எங்க?" என்றார். வேலைக்குப் போயிருக்கிறாள் என்றேன். "அம்மாவ இட்டுகினு வரலாமில்ல?" "ஊசி கொயந்தைக்குத்தானே சிஸ்டர்?" சிரித்துவிட்டார். ஊசி போட்டதும் மகள் கத்திய கத்தலில் என் கண்ணிலும் தண்ணீர் வந்தது. அட்டையில் கூட வந்தவர் என்ற இடத்தில் அப்பா என்று எழுதச் சொன்னேன். எழுதினார்.

அந்த வாரமே எச்.ஆர். மேடம் போன் செய்தார். நார்வேயிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், லீவு எடுத்த முதல் அப்பா என்று படம் எடுக்க வேண்டும், குழந்தையோடு வரச் சொன்னார். லைன் லீடர் வேலை என்ன ஆயிற்று என்று கேட்டேன். "வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு. லீவுல இருக்கறவரை எப்படிப் போடறதுன்னு சொல்லிட்டாங்க."

"படத்துக்கு மட்டும் நான் வேணுமா மேடம்?"

போகக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். "போ. போய் சொல்லு" என்றாள் மனைவி.

வந்த அதிகாரி ஐம்பது வயசுப் பெண்மணி. மகளைப் பார்த்ததும் குனிந்து விரலை நீட்டினார். அவளும் பிடித்துக்கொண்டாள். படம் எடுத்தார்கள். லீவு எப்படி இருந்தது என்று கேட்டார். எனக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. மேடம் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார்.

"லீவு நல்லா இருந்துச்சு. ஆனா லீவு எடுத்ததாலதான் எனக்கு வரவேண்டிய வேலை வேற ஆளுக்குப் போச்சு. நாளைக்கு இங்க எவன் லீவு கேப்பான்? அதையும் அவங்ககிட்ட சொல்லுங்க மேடம்."

கூட்டத்தில் நின்ற போர்மேன் முகம் இறுகியது. மேடம் என்னைப் பார்த்தார். விழுங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் சொன்னார். நான் பேசியதைவிட அவர் பேசிய ஆங்கிலம் ரொம்ப நீளமாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, பிரசவ லீவு முடிந்து அவர் திரும்பியபோது இன்னொருவருக்குக் கீழே உட்கார வைத்ததையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்.

அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதிக்கொண்டார். எங்கள் ஊரிலும் முதலில் ஆண்கள் எடுக்கவில்லை, எடுக்காவிட்டால் வீணாகும் என்று சட்டம் வந்த பிறகுதான் எடுத்தார்கள், பெரிய நாற்காலிகளில் இன்றும் ஆண்கள்தான் அதிகம் என்றார்.

எனக்கு அந்தப் பதவி வரவில்லை. லீவில் இருந்த மாதங்களைப் பதவி உயர்வுக் கணக்கில் குறையாக எடுக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது, முதல் தடவையாகத் தமிழில். போர்மேன் இப்போது என்னோடு வேலை விஷயம் மட்டும் பேசுகிறார். பேசாவிட்டால் போகட்டும். என்னைவிட இளையவன் ஒருவனுக்குக் கீழே வேலை செய்கிறேன். மனைவி அவள் நாற்காலியில் இருக்கிறாள்; பகலில் மகளைக் கீழ்வீட்டு மாமி பார்த்துக்கொள்கிறார். வெல்டிங்கில் ஒருவர் அப்பா லீவு கேட்டு எடுத்துவிட்டார்.

அந்தச் சுற்றறிக்கை ஒட்டிய அன்று தரை துடைக்கிற அக்கா என்னை நிறுத்தினார். கான்ட்ராக்ட் ஆள், சடையங்குப்பத்திலிருந்து வருகிறவர். குழந்தை பெற்ற நாற்பதாம் நாளே துடைப்பத்தைத் தூக்கியவர்.

"இதுல எங்களுக்கு இன்னா தம்பி கீது?"

படித்துப் பார்த்தேன். நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மட்டும் என்று இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாளில் நானும் அதைக் கேட்கவில்லையே.

அவர்களுக்கும் சம்பளத்தோடு பிரசவ லீவு வேண்டும் என்று உட்கார்ந்து ஒரு மனு எழுதினோம். கான்ட்ராக்ட் பெண்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், எழுதத் தெரியாதவர்கள் ரேகை வைத்தார்கள். அவர்கள் வேறு கம்பெனி ஆட்கள், தன் கையில் இல்லை என்றார் மேடம். "உங்க தரையைத்தானே மேடம் துடைக்கறோம்?" என்றார் அக்கா. மேடம் மனுவை வாங்கி, வாங்கினேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறாராம், பதில் வரவில்லை. திங்கட்கிழமை தோறும் சாப்பாட்டு மணி அடித்ததும் அந்த அக்காவும் நானும் அவர் அறைக் கதவைத் தட்டுகிறோம்.