ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாதுங்க

போன ஞாயிற்றுக்கிழமை கணபதி ஏரியாவில் இருக்கும் துரைசாமி வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் இல்லாத வீட்டுக்கு. காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, ஒரு தரம் தலையைக் காட்டிவிட்டு வரலாம் என்று...

துரைசாமியை உங்களுக்குத் தெரியும். 'நீண்ட நாள் வாழ என்ன செய்யலாம்?' என்று இதே பக்கத்தில் அளந்து விட்டபோது உதாரணம் காட்டினேனே, லேத் பட்டறைக்காரர் — அவர்தான். எங்கள் இருவருக்கும் சர்க்கரை வியாதி. எட்டு வருடமாக ஒன்றாக வாக்கிங். தட்டில் சோறு பாதி, காய் பாதி. காப்பியில் சர்க்கரை கிடையாது. நான் அவ்வப்போது நழுவுவேன். அவர் நழுவ மாட்டார்.

"பேரன் பேத்தி பொறந்தா நானே நடத்திக் கூட்டிட்டுப் போயி ஸ்கூல்ல உடோணுமுங்க. அதுக்குக் காலு வேணுமில்லீங்க?" என்பார். விளையாட்டுப் பேச்சு இல்லை. தினமும் குளித்ததும் கண்ணாடியைக் கீழே வைத்து, உள்ளங்காலில் புண் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கிற மனுஷன்.

போன வருடம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினால் நம் ஊரில் போதுமா? நேரில் போய் வைக்க வேண்டும். கருமத்தம்பட்டியிலிருந்து ஈரோடு வரை சொந்தம். ஒன்றரை மாதம் அலைந்தார். பத்திரிகை வைக்க வந்தவரை வெறும் வாயோடு அனுப்பினால் நமக்கல்லவா மரியாதைக் குறைச்சல்? வீட்டுக்கு வீடு காப்பி, மைசூர்பாகு. ஒருவர் 'வேண்டாமுங்க' என்றால் நாம் அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்வதில்லை. கூச்சப்படுகிறார் என்று இன்னொரு துண்டு வைப்போம்.

என் வீட்டுக்கும் வந்தார். "ஏனுங்க, அண்ணனுக்குச் சக்கரை இல்லாமத்தானுங்களே?" என்று என் மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள்.

நான்தான் — சாட்சாத் நானேதான் — சொன்னேன்: "நல்ல காரியத்துக்கு வந்திருக்காரு, சக்கரை இல்லாத காப்பியா குடுக்கறது? போட்டே கொண்டா."

"வேண்டாமுங்களே..." என்று இழுத்தார் துரைசாமி.

"குடிங்க. ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

குடித்தார்.

அந்த அலைச்சலில் புதுச் செருப்பு கடித்தது. கண்ணாடியில் பார்க்க நேரம் ஏது? சின்னக் கொப்புளம்தான். முகூர்த்தத்தன்று காலில் ஒரு விரல் இல்லை. அப்புறம் முழங்காலுக்குக் கீழே இல்லை. அப்புறம் ரத்தத்தில் விஷம் ஏறி... போன மாதம் அவரே இல்லை.

ஒரு காப்பியாலா இப்படி, என்று எனக்குத் தெரிந்த டாக்டரைக் கேட்டேன். "ஒரு காப்பியால யாரும் சாக மாட்டாங்க சார்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் வீட்டுக்கு வீடு எல்லோரும் கொடுத்தது அந்த ஒரே ஒரு காப்பியைத்தானே?

நூறு வயது வாழ வழி கேட்டு எனக்கு இன்னும் கடிதம் வருகிறது. நடங்கள், அளவாகச் சாப்பிடுங்கள், நன்றாகத் தூங்குங்கள் — எல்லாம் சரி. அவர் அத்தனையும் செய்தார். அவரைச் சுற்றி இருந்த நாங்கள் ஒழுங்காக இருக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை துரைசாமியின் மனைவி சரோஜா பேச்சுவாக்கில் சொன்னார்: "மத்த ஊட்லயெல்லாம் ஒரு வாய் குடிச்சுப்போட்டு வெச்சுருவாருங்ணா. உங்க ஊட்ல மட்டுந்தான் முழுசாக் குடிச்சேன்னு சொன்னாரு. 'அவருக்குத் தெரியாததா அம்மணி? அவரே சொல்றப்ப என்ன ஆயிருது'ன்னாரு."

குத்திக்காட்டவில்லை. அவரைப் பற்றிப் பேச அந்த அம்மாவுக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு "இருங்ணா, வாரேன்" என்று உள்ளே போனவர், காப்பி டம்ளரோடு திரும்பினார்.

புருஷனைப் பறிகொடுத்து முழுதாக ஒரு மாதம் ஆகவில்லை. டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்:

"சக்கரை போடலீங்ணா. உங்களுக்கு ஆகாதுங்களே."

எட்டு வருடம் அவரோடு நடந்த நான், அன்று சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.