மேனேஜரின் வயிறு

பல் துலக்கிய கையோடு பிளம்பர் சமையலறைத் தரையில் குப்புறப் படுத்து, இடது காதை நாயின் வயிற்றில் வைத்திருக்கிறார். வலது காது, பல வருடம் டிரில்லிங் மெஷினோடு குடித்தனம் நடத்தியதில் பாதி போய்விட்டது. காபி கலக்கும் மனைவி ஸ்பூனைக்கூடச் சத்தமில்லாமல்தான் வைக்க வேண்டும். உள்ளே எங்கோ 'களக்' என்று கேட்டதும் அவர் முகம் தெளிகிறது. "ஓடுது" என்று சொல்லி எழுந்து முழங்காலைத் தட்டிக்கொள்கிறார்.

நாயின் பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாமல் எல்லோர் வேலையையும் மேற்பார்வை பார்ப்பதால் வந்த பெயர். குட்டைக் கால், நீள உடம்பு, எதையும் வாயில் போட்டுப் பார்க்கும் புத்தி.

பிளம்பரிடம் அவசரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒழுகும் குழாயைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம் சுவரில் காதை வைத்துக் கேட்பார். வீட்டுக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். "அவசரப்பட்டுப் பிரிச்சா ஒரு வேலை மூணு வேலையாயிடும் சார்."

நாய் விஷயத்திலும் அதே கதைதான். மேனேஜர் புல்லை மேய்ந்தாலும், கண்டதைத் தின்றுவிட்டு ஒரு தடவை கக்கினாலும் அவர் பதற மாட்டார். தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கவனித்துக்கொண்டிருப்பார். அறையில் மனிதர் இருக்க முடியாதபடி அது காற்றை விட்டால், மூக்கைப் பொத்திக்கொண்டே, "காத்து வருதுல்ல, அப்ப லைன் கிளியர்" என்பார். மனைவிக்கு அவர்மேல் கொஞ்சம் எரிச்சலும் நிறைய நம்பிக்கையும் உண்டு.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஓடியதைத் தெரு ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறது. போன மழைக்காலத்தில் ஒரு காலை, மேனேஜர் சாப்பாட்டுத் தட்டைத் திரும்பியே பார்க்கவில்லை. முன்னங்கால்களைத் தரையோடு நீட்டி, பின்பக்கத்தை மட்டும் தூக்கியபடி நின்றது.

"சோம்பல் முறிக்குதுங்க" என்றாள் மனைவி.

"சோம்பல்னா முறிச்சிட்டுப் போயிடும். இது அப்படியே நிக்குது பாரு."

உதட்டை நக்கிக்கொண்டே இருந்தது. குடித்த தண்ணீரும் இரண்டு முறை வெளியே வந்துவிட்டது. அவர் குப்புறப் படுத்துக் காதை வைத்தார். வெகுநேரம் எழவில்லை. வயிறு பலகைபோல இறுகியிருந்தது.

"நான் குடிக்கிற செரிமான மருந்துல ரெண்டு சொட்டு ஊத்தட்டுமா?"

"ஒண்ணும் ஊத்தாதே. சத்தம் வந்தா எனக்குப் பயமில்ல. சத்தமே இல்ல. இது அடைப்பு."

அன்று வேலைக்குப் போக வேண்டிய வீட்டுக்கு போன் போட்டு, "இன்னிக்கு வர முடியாதுங்க, மேனேஜருக்கு வயித்து வலி" என்றார். உங்களுக்கு ஏதுங்க மேனேஜர் என்று அந்த அம்மா கேட்டு முடிப்பதற்குள், நாயைப் போர்வையில் சுருட்டிக்கொண்டு, ஜோடி மாறிய செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் அப்போதே அறுவைக்கு ஏற்பாடு செய்தார். மதியம் ஒரு தட்டை நீட்டினார். அதில் கறுப்பாக, வட்டமாக ஒரு ரப்பர் வாஷர்.

"முக்கால் இஞ்சு" என்றார் பிளம்பர், மெல்ல. அவருடைய பேன்ட் பையிலிருந்து விழுந்ததேதான்.

"நல்லவேளை, சீக்கிரமே கண்டுபிடிச்சீங்க. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா காப்பாத்தியிருக்க முடியாது."

"கண்டுபிடிச்சதும் நான்தான் டாக்டர். கீழே போட்டதும் நான்தான்."

இப்போது மேனேஜரின் வயிற்றில் முடி முளைக்காத ஒரு கோடு இருக்கிறது. காலையில் அவர் காது வைப்பது அதன்மேல்தான். சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் நேரே உள்ளே நுழைவதில்லை. வாசலில் நின்று, பேன்ட் பை இரண்டையும் வெளியே இழுத்து உதறுகிறார். "போதும், உள்ள வாங்க" என்கிறாள் மனைவி. அவர் அசையவில்லை. மேனேஜர் நிதானமாக வந்து, தொங்கும் பைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துவிட்டு விலகி வழிவிட்ட பிறகுதான், செருப்பைக் கழற்றுகிறார்.