தரையில் விட்ட மல்லாட்டை

எண்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி. செஞ்சியிலிருந்து வல்லம் போகும் வழியில் எங்களுக்கு ஒரு காணி மானாவாரி நிலம். வேர்க்கடலை என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்லும் மல்லாட்டை அதில் முற்றி, இலை பழுத்து நின்றது. எங்களுடைய வருஷத்துச் சோறும் அடுத்த விதையும் மண்ணுக்குள் இருந்தன. மண் ஓடாகக் காய்ந்திருந்தது. ஒரு மழை நனைத்தால் போதும், செடியைப் பிடித்து இழுக்கும்போது காய் கொத்தாகக் கூடவே வரும். காய்ந்த மண்ணில் இழுத்தால் காய் அறுந்து தரையிலேயே தங்கிவிடும். ரொம்ப நாள் விட்டாலும் காம்பு இற்றுப்போகும்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததும் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை உச்சியைப் பார்ப்பேன். வெறும் பாறை, அதற்குமேல் வெறும் வானம். மத்தியானம் பார்ப்பேன். பாறை வெந்துகொண்டிருக்கும். என் மனைவி மாட்டுக்குத் தண்ணீர் காட்டியபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"வெதச்சது மொளச்சி வந்துச்சே, நீயா உள்ளேர்ந்து தள்ளி வுட்ட? மொளைக்க வச்சவன் புடுங்கவும் வைப்பான். சும்மா இரு மாமா."

சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் எழுத வரப்போகிறேன். அவள் அனந்தபுரத்துக்குத் தாய்வீடு போன ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல் நிலத்தில் இறங்கினேன். மேற்கு ஓரமாகக் கால் காணி பிடுங்கி முடிப்பதற்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. செடி மலையாகக் குவிந்தது. காய் பாதிகூட இல்லை.

சாயங்கால பஸ்ஸில் வந்தவள் நேரே நிலத்துக்கு வந்தாள். ஒரு செடியைத் தூக்கி, திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா மாமா, கீரையா புடுங்குன?"

அறுந்து மண்ணுக்குள் நின்ற காயை மறுநாள் களைக்கொத்தால் தோண்டி எடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் கொத்தைத் தேடி எடுக்கும் நேரத்தில் கோட்டைக்குப் பின்னாலிருந்து காற்று திரும்பியது. பொழுது சாயும்வரை விடாமல் பெய்தது.

அடுத்த நாள் காலை ஆட்களோடு போனோம். முக்கால் காணியும் தொட்டாலே வந்தது. கொத்துக் கொத்தாக, ஈர மண்ணோடு, கனமாக. மேற்கு ஓரத்தில் மட்டும் எங்களுக்கு முன்பே பெண்கள் நான்கு பேர் உட்கார்ந்து விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். செடி பிடுங்கிய நிலத்தில் தவறிக் கிடக்கும் காய் பொறுக்குகிறவர்களுக்கு. எங்கள் பக்கத்தில் யாரும் தடுப்பதில்லை. இங்கே வேலை இன்னும் முடியவில்லை என்று சொல்ல வேகமாகப் போனேன்.

வரப்பில் குழந்தையைப் படுக்க வைத்திருந்த ஒருத்தி, மடி கனக்க நிமிர்ந்து பார்த்தாள்.

"வானத்த நீ மட்டுமா பாத்துனு இருந்த, அண்ணா? ஒரு மாசமா எங்களுக்கு வேல இல்ல. இவளுங்களுக்கு இன்னா குடுக்கலாம்னு ஆண்டவன் யோசிச்சிருப்பான். அதுக்குள்ள நீயே அவசரப்பட்டுக் குடுத்துட்ட."

மற்ற மூவரும் சிரித்தார்கள். முக்கால் காணிக்கு அப்பால் என் மனைவியும் சிரிப்பது கேட்டது. நான் என் தலைத்துண்டை அவிழ்த்து, குழந்தையின் முகத்தில் வெயில் படாமல் வரப்போரத்துச் செடிமேல் விரித்துக் கட்டினேன்.

அன்று சாயங்காலம் உப்புப் போட்டு மல்லாட்டை அவித்தோம். அவர்கள் தெருப்பக்கமிருந்தும் அதே வாசனை வந்தது. நான் மேகம் பார்க்க வெளியே போகவில்லை.